ஏழாம் வகுப்பு பி பிரிவில் மோகனம்

ஸ்ருதிப் பெட்டி நின்றுவிட்டது. கரண்ட் போனது, பெட்டி நின்றது, அவ்வளவுதான் விஷயம். மின்விசிறிக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை, சுற்றிக்கொண்டிருக்கிறது. காந்திமதி கண்ணை மூடிக்கொண்டு மோகனம் பாடிக்கொண்டிருக்கிறாள், நிறுத்தவில்லை, நிறுத்தமாட்டாள், அவளுக்குப் பெட்டி எதற்கு, அவள் தொண்டைக்குள் ஸா ஆணியடித்து மாட்டியிருக்கிறது. எனக்குத்தான். பேப்பரில் போட்டிருந்தான். மாதாந்திரப் பராமரிப்பு, தென்காசியில் கீழ்க்கண்ட தெருக்களில், காலை பத்து மணி முதல். காப்பியோடு படித்தேன், படித்தேனா, ஆமாம் படித்தேன், இந்தத் தெருப் பேரையும் படித்தேன், படித்துவிட்டு ராசிபலனுக்குப் போனேன். ரிஷபம், நினைத்த காரியம் கைகூடும். மடையன். பழைய பெட்டி, சுவரில் சொருகினால்தான் ஓடும். போனில் தம்பூரா வரும், இன்றைக்கு எல்லார் போனிலும் வரும், ஆனால் மூன்று பேர் போனும் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைப் பீரோவுக்குள். காந்திமதியின் ஏற்பாடு. மைக் கிடையாது, மேடை கிடையாது, போன் கிடையாது, பிள்ளைகளுக்கு மூன்று முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து பாடவேண்டும், நாம் மூச்சு வாங்குவதுகூட அதுகளுக்குக் கேட்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். என் பெட்டிக்கு மட்டும் விலக்குக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பீரோவைப் பூட்டிய ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தர் டீச்சர் சாவியோடு ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டார். போகும்போது சொன்னது: “ஒரு பீரியட் தாரேன், நாப்பது நிமிஷம்.” பத்து நிமிஷம் ஓடியிருக்கும். மிச்சம் முப்பது. முப்பது நிமிஷம் நான் என்ன செய்யப் போகிறேன்.

ஒரு காது எனக்கு இல்லை. அடியோடு இல்லாமல் போயிருந்தால் பரவாயில்லை. இருக்கிறது, இருந்துகொண்டு பொய் சொல்கிறது. வலது காதில் ஸா ஸாவாகக் கேட்கும், அதே ஸா இடது காதில் ஒரு நூல் ஏறிக் கேட்கும். எட்டு மாசமாக இப்படி. பாளையங்கோட்டையில் காது டாக்டர், சின்னப் பெண், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க அய்யா என்றாள். அமுக்கினேன். கேட்காததற்கும் அமுக்கினேன், கண்டுபிடித்துவிட்டாள். “நரம்புய்யா. வயசாகுதுல்லா. என்ன வேலை பாத்தீங்க?” ரேஷன் கடை என்றேன். வயலின் என்று சொல்ல வாய் வரவில்லை. வயலினைத் தூக்கி மார்பில் சாய்த்தால் இடது காதுதான் பக்கத்துக் காது, பக்கத்தில் இருப்பவனே பொய் சொன்னால் என்ன செய்ய. அதனால் பெட்டி. பெட்டியை வலது தொடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், வில்லைப் போட்டதும் பெட்டியோடு ஒட்டிப் பார்ப்பேன், சேர்ந்தால் சத்தம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், சேராவிட்டால் நொண்டும். அந்த நொண்டலை எந்தக் காதாலும் மறைக்க முடியாது. அப்படியே எட்டு மாசம் ஓட்டிவிட்டேன், ஒரு பயலுக்கும் தெரியாது. வீட்டில் என் பெண்டாட்டி சொர்ணத்துக்கே தெரியாது. டிவி சத்தத்தைக் கேட்டு “செவிடாப் போச்சா ஒமக்கு” என்பாள், “உன் நாடகம் அப்படி, குசுகுசுன்னு பேசுதான்” என்பேன், முடிந்தது. கடையநல்லூர்க் கல்யாணத்தில்தான் பிசகியது. பந்தி நடந்துகொண்டிருந்தது, பெட்டியை யாரோ தள்ளி வைத்துவிட்டார்கள், சாம்பார் வாளி சத்தம் வேறு, எங்கே நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை, காந்திமதி திரும்பிப் பார்த்தாள். ஒரே தடவை. இருபது வருஷமாக அவளுக்கு வாசிக்கிறேன், அதற்கு முன்னால் அவள் திரும்பிப் பார்த்தது கிடையாது. அந்த ஒரு பார்வை போதும். இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் முடிவு செய்தேன்: இன்றைக்கும் பிசகினால் வில்லைத் தளர்த்தி, வயலினை அதன் பெட்டியில் வைத்து ஒரேயடியாகப் பூட்டிவிடுவது. காரணம் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. முதுகுவலி என்றால் நம்புவார்கள். ஏழாம் வகுப்பு, நாற்பத்தாறு உருப்படி, இதில் எதற்குமே கச்சேரி என்றால் என்னவென்று தெரியாது, நான் பிசகினால் அதுகளுக்கா தெரியப்போகிறது, அதனால்தான் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். உண்மை அதுதான். காந்திமதியிடம் பிள்ளைகளுக்காக என்று சொன்னேன்.

பாடுகிறாள், நான் அவள் நிழலிலேயே போகிறேன், அவள் ஒரு பிடி பிடித்தால் அதன் வாலை மட்டும் தொட்டுவிட்டு வில்லை எடுத்துவிடுகிறேன். திருட்டு வாசிப்பு. பெஞ்சையெல்லாம் பின்னால் தள்ளிச் சுவரோடு அடுக்கியிருக்கிறார்கள், கரும்பலகையில் பாதி அழித்த பின்னக் கணக்கு, சத்துணவுக் கூடத்திலிருந்து பருப்பு வேகும் வாசனை, பிள்ளைகள் சப்பணம் போட்டு உட்கார்ந்து முதல் ஐந்து நிமிஷம் வாயைப் பிளந்தன, இப்போது நெளிய ஆரம்பித்துவிட்டன. ஆரம்பத்தில் காந்திமதி பெட்டியைப் போட்டுக் காட்டினாள், “இது என்னன்னா, தரை மாதிரி. நாங்க எங்க ஓடினாலும் குதிச்சாலும் இதுலதான் வந்து விழணும்.” ஒரு பயல் கேட்டான், “விழாட்டா?” சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்புறம் என்னிடம் வந்தன கேள்விகள். இது கிட்டாரா. இல்லை. கம்பில் கட்டியிருப்பது நூலா. குதிரைவால் முடி. குதிரைக்கு வலிக்காதா தாத்தா. “செத்த குதிரை” என்றேன். காந்திமதி முறைத்தாள், பொடிசுகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது, செத்த குதிரை செத்த குதிரை என்று கடைசி வரிசை வரைக்கும் சேதி போனது. மிருதங்கம் ஜேசுராஜ், தபால் ஆபீஸில் வேலை, லீவு போட்டு வந்திருக்கிறான், வாத்தியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான், ஆலாபனைக்கு அவனுக்கு வேலையில்லை, அவன் ஒரு தட்டுத் தட்டினால் அதிலாவது ஸா கிடைக்கும், தட்டமாட்டான், மரியாதை தெரிந்த பிள்ளை. மேலே விசிறி இப்போது நின்றுவிட்டது. காந்திமதி மேல் ஸாவைத் தொட்டு நின்றாள். இறங்குகிறாள். இறங்குகிறாளே, இன்னும் கொஞ்சம் பாடேன், என்ன அவசரம் உனக்கு, இறங்கிவிட்டாள். கண்ணைத் திறந்து என் பக்கம் தலையை அசைக்கிறாள். இனி என் முறை. தனியாக.

வில்லை வைக்கிறேன். வெறும் தந்தி, ஸா. வலது காது சரி என்கிறது, இடது காது ஏறியிருக்கு என்கிறது. விசிறி நின்று புழுக்கம், தந்தியே இறங்கியிருக்கலாம், தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகினால் சரியாகும், ஆனால் எந்தப் பக்கம் திருக, யாரைக் கேட்டுத் திருக. திரும்ப ஸா. இது ஸாதான். இதுவா. நாற்பத்தாறு ஜோடிக் கண். அறுபது வருஷமாகப் போட்ட ஸா, கை கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கும் இடம், கைக்குத் தெரியும், கையை நம்பு ஆவுடையப்பா, விரல் கிழண்டு போகவில்லை. ரி. க. மோகனத்தில் காந்தாரம்தான் எல்லாம், அதில் போய் உட்கார்ந்தால் வீட்டுக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருக்கவேண்டும். உட்கார்ந்தேன். விளக்கு எரியவில்லை. கூடவா குறைச்சலா. முன்வரிசையில் ஒரு பொடியன் மூக்கைச் சுருக்குகிறான், அவனுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை, மூக்கு அரிக்கிறது, சொறிகிறான். வில் நடுங்குகிறது. வில் நடுங்கினால் சத்தம் மணல் மணலாக வரும், வருகிறது. எங்கோ ஒரு சிரிப்பு. “ஏல, சும்மா இருல.” சுவரோரம் நாற்காலியில் வகுப்பு வாத்தியார் சுடலைமுத்து, கணக்கு, தொண்டையைச் செருமுகிறார். அவ்வளவுதான். முடிந்தது. ரெண்டு பிடி பிடித்துவிட்டுக் கீழே இறங்கி அவளிடமே கொடுத்துவிடலாம். முதுகுவலி. முதுகுவலி என்று எஸ்தர் டீச்சரிடமும் சொல்லிவிடலாம். அப்போதுதான் அந்தச் சத்தம்.

ம்ம்ம்ம் என்று. யார் என்று தெரியாத சத்தம். வாயை மூடிக்கொண்டு, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி. எருமைகள். தெரியாதா எனக்கு இந்த வேலை, நாங்களும் செய்ததுதான், பூகோள வாத்தியாருக்கு ஒரு பீரியட் முழுக்கப் போட்டிருக்கிறோம், அவர் வண்டு வந்துவிட்டது என்று ஜன்னலைச் சாத்தினார். வாய் திறக்கக்கூடாது. சிரிக்கக்கூடாது. யார் என்று காட்டிக்கொடுக்கக்கூடாது. முக்கியமாக, எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவன் விடும்போது நீ பிடிக்கவேண்டும், சத்தம் அறுந்தால் எங்கே அறுந்தது என்று வாத்தியாருக்குத் தெரிந்துபோகும். அறுக்காமல் போடுகிறார்கள். ரொம்ப நாள் பழக்கம் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, எழுபத்திரண்டு வயசில் ஒருத்தன் இங்கே செத்துக்கொண்டிருக்கிறான், இதுகளுக்கு வண்டு. வில்லைக் கொஞ்சம் அழுத்தினேன், அதட்டுகிற மாதிரி, காந்தாரத்தில். நொண்டியது. எதனோடு நொண்டியது? நொண்ட வேண்டுமானால் எதிரே ஒன்று இருக்கவேண்டும். விரலை ஒரு நூல் கீழே இறக்கினேன். வழுக்கியது. எண்ணெய். திரும்ப இறக்கி ஸாவுக்கு வந்தேன், ஸா போய் அந்த ம்ம்ம்-க்குள் நுழைந்து காணாமல் போய்விட்டது, என் ஸா எது அதுகள் ஸா எது என்று பிரிக்க முடியவில்லை. பெட்டியிலிருந்து பிடித்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் அது காதில் ஓதிக்கொண்டே இருந்தது, நின்றதும் அந்த இடத்திலேயே இவர்கள் வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். என்னைக் கிண்டல் செய்ய. கிண்டல் சுத்தமான ஐந்து கட்டையில், பெட்டியின் அதே ஸ்ருதியில் இருக்கிறது. தரை வழியாக வருகிறது, சிமெண்டுத் தரை, கணுக்காலில் வயலின் தலை, எலும்பு வழியாக ஏறுகிறது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்றால், உண்மையில்.

அது பொறுக்குமா சுடலைமுத்துவுக்கு. எழுந்துவிட்டார். கையில் ஸ்கேல், மர ஸ்கேல், ஒரு அடி. வரிசைக்கு நடுவில் மெல்ல நடக்கிறார், குனிந்து ஒவ்வொரு வாயாகப் பார்க்கிறார். அவர் போகிற இடத்தில் சத்தம் அணைகிறது, தாண்டிப் போனதும் அவர் முதுகுக்குப் பின்னால் எரிகிறது. இடது பக்கம் போனால் வலது பக்கம், பின்னால் போனால் முன்னால். என் ஸா அறை முழுக்க அவருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வில்லோடு அதைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். ஜேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்குகிறது. காந்திமதி முந்தானையால் வாயைத் துடைப்பது மாதிரி மறைத்துக்கொள்கிறாள். இவளுமா. வாத்தியார் நடுவில் வந்து நின்று ஸ்கேலால் தன் உள்ளங்கையிலேயே ஒரு தட்டு. “எவம்ல அது? சொல்லிருங்க. நானா புடிச்சேன்னு வைங்க, தொலி உரிஞ்சிரும்.” பாதி வகுப்பு அடங்கிவிட்டது. மீதியும் மெலிகிறது. போகிறது, போகிறது, இழை மாதிரி ஆகிவிட்டது, ஐயோ இந்த மனுஷன். வாசித்துக்கொண்டே, ஆமாம் வாசித்துக்கொண்டே, கச்சேரியில் நான் வாயைத் திறந்து பேசினது இதுதான் முதல் தடவை, “சார், உக்காருங்க” என்றேன்.

“அண்ணாச்சி, சத்தம் போடுதானுவ அண்ணாச்சி.”

“போடட்டும்.”

“ஒங்களைக் கேலி பண்ணுதானுவ. நாளைக்கு எனக்கும் இதே பண்ணுவானுவ.”

“பண்ணட்டும் சார். எனக்கு அது வேணும். பெட்டி நின்னுபோச்சு, அது இல்லாம என்னால வாசிக்க முடியாது.”

சொல்லிவிட்டேன். அதுகள் காது முன்னாலேயே சொல்லிவிட்டேன். சுடலைமுத்து நின்ற இடத்தில் நின்றார், ஸ்கேலைக் கீழே இறக்கினார், போய் உட்கார்ந்தார். அந்த நிமிஷமே வகுப்பு நின்றுவிட்டது. சுத்தமாக. ஒரு வாய் பாக்கியில்லை. எனக்குப் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. கிழவன் கேட்டுவிட்டான். கேட்டுவிட்டால் அது குறும்பு இல்லை, வீட்டுப்பாடம். வாத்தியார் உட்கார்ந்துவிட்டார், அனுமதி கொடுத்தாகிவிட்டது, இனிமேல் எதற்கு. ஒருத்தனை ஒருத்தன் பார்க்கிறான், எல்லாருக்கும் வெட்கம், நீ போடு, நான் மாட்டேன், முழங்கை இடி, தலை குனிந்து சிரிப்பு. இந்தச் சனியன் பிடித்த வாயை நான் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வில் காந்தாரத்தில் நிற்கிறது, தனியாக நிற்கிறது, நொண்டவும் இல்லை வழுக்கவும் இல்லை, ஒன்றுமில்லாத காற்றில் நிற்கிறது, எந்த நிமிஷமும் விழும். இடது காது தன் கதையைத் திரும்ப ஆரம்பிக்கிறது. “மாமா, வாசிங்க” என்கிறாள் காந்திமதி, ரொம்ப மெதுவாக. என்னத்தை வாசிக்க. வில் பாதி தூரம் வந்துவிட்டது, நுனிக்கு வந்ததும் எடுப்பேன், எடுத்தால் திரும்பப் போடமாட்டேன். நுனி வருகிறது.

பின்வரிசை, ஜன்னலோரம். ஒற்றைக் குரல். ம்ம்ம். பெண்பிள்ளை. ரெட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் இல்லை, தாடையில் மைக்கறை. முகத்தைக் கரும்பலகைக்குத் திருப்பவில்லை, தலையைக் குனியவில்லை, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு போடுகிறாள். நாற்பத்தைந்து தலை அவள் பக்கம் திரும்புகிறது. வாத்தியார் பார்க்கிறார். பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டாள். யாரென்று காட்டிக்கொள்ளக்கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் முதல் சட்டம், அதை உடைத்துவிட்டாள், தனியாக, பகல் வெளிச்சத்தில். கழுத்து நரம்பு தெரிகிறது. மூச்சு முடியப்போகிறது அவளுக்கு, முடிந்தால் அறும், பக்கத்தில் இருக்கிறவளைத் திரும்பிப் பார்க்காமல் முழங்காலால் ஒரு இடி இடித்தாள், “ஏட்டி” என்று வாய்க்குள் ஒரு சொல், அவ்வளவுதான், பக்கத்து ரெட்டைச் சடை பிடித்துக்கொண்டது, அவளிடமிருந்து முன்னால் இருக்கும் பயல், அவனிடமிருந்து ரெண்டு பேர், நாலு பேர், வரிசை வரிசையாகத் திண்ணென்று நிறைந்துகொண்டே என்னை நோக்கி வருகிறது, முன்வரிசைக்கு வந்துவிட்டது, செத்த குதிரைப் பயலும் போடுகிறான், இந்தத் தடவை யாரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளவில்லை. என் காந்தாரம் அதன்மேல் உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது.

அப்புறம் நான் என்ன வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. கை வாசித்தது. வலது காதிலும் அதுகள், இடது காதிலும் அதுகள், இந்தக் காது ஏற்றிச் சொன்னால் என்னையும் ஏற்றித்தான் சொல்கிறது, அதுகளையும் ஏற்றித்தான் சொல்கிறது, ரெண்டு பொய்யும் சேர்ந்துகொண்டால் எங்கே இருக்கிறது பொய். எட்டு மாசமாக இது தோன்றவில்லையே. பெட்டி ஒரு பக்கம் மட்டும் பேசியது, இதுகள் சுற்றி உட்கார்ந்து பேசுகின்றன. தைவதத்தில் போய் ஊஞ்சல் ஆடினேன். மேலே ஏறினேன், இதை நான் மேலே தொட்டு எத்தனை மாசம், பயந்து பயந்து கீழேயே மேய்ந்துகொண்டிருந்தேன், மேல் காந்தாரம், விரல் நுனி எரிகிறது, அங்கிருந்து ஒரே சறுக்கு, ஸாவில் வந்து தொப்பென்று. காந்திமதி ‘ஆஹா’ என்றாள். அவள் லேசில் சொல்லமாட்டாள். பிள்ளைகளும் சொல்லப் பார்த்தன, வாய் மூடியிருப்பதால் ம்ம்ஹா என்று வந்தது. சிரித்துவிட்டேன். வாசிக்கும்போது சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

கீர்த்தனை எடுத்தாள், ஜேசுராஜ் மிருதங்கத்தோடு சேர்ந்துகொண்டான். இப்போது ஒரு பாதி ஸ்ருதி போடுகிறது, ஒரு பாதி தாளம் போடுகிறது, காந்திமதி ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு தட்டு மூன்று விரல், பத்து பேருக்குச் சரியாக வருகிறது, மீதிப் பேர் சொந்தத் தாளம். சுடலைமுத்து வாத்தியாரின் ஸ்கேல் தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறது. அது சரியாக இருக்கிறது, கணக்கு வாத்தியார் அல்லவா. ஸ்வரத்தில் அவள் ஒன்று வீசினால் நான் ஒன்று வீசினேன், அவள் ரெண்டு, நான் ரெண்டு, ஒரு தடவை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினேன், மீதியை ஜேசுராஜ் வாசித்துக் கொடுத்தான், “ஏ, மத்தளக்காரரு ஜெயிச்சிட்டாரு” என்று ஒரு குரல். யார் ஜெயித்தால் என்ன. ஒன்று கவனித்தேன். ஸா ஏறுகிறது. உற்சாகம் வந்தால் பிள்ளைகளுக்குக் குரல் ஏறும், நிமிஷத்துக்கு ஒரு நூல், யாருக்கும் தெரியாமல் மொத்த வகுப்பும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காந்திமதி கூடவே போகிறாள், பாடுகிறவளுக்கு என்ன. நான் விரலை நகர்த்தி நகர்த்தி வைக்கிறேன், வெறும் தந்தியைத் தொடாமல் தப்பிக்கிறேன். ஜேசுராஜ்தான் பாவம், பாட்டுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் கல்லை எடுத்து மிருதங்கத்தின் விளிம்பில் டொக் டொக் என்று தட்டி ஏற்றுகிறான், வியர்த்துக் கொட்டுகிறது, “அண்ணாச்சி, எங்க கொண்டு போறானுவ நம்மள” என்றான். “போற இடத்துக்குப் போ” என்றேன்.

பல்லவிக்குத் திரும்பும்போது, பேப்பரில் போட்ட நேரத்துக்கு முன்னாலேயே, கரண்ட் வந்தது. விசிறி கிர்ரென்றது. பெட்டியும். அரை ஸ்ருதி கீழே, விட்ட இடத்தில், ஞீஈஈ என்று. பல் கூசியது எனக்கு. எனக்குக் கூசியது. அதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்க நேரமில்லை, கை போய்விட்டது, வில் இருக்கிற கையின் சுண்டுவிரலாலேயே ஸ்விட்சை அமுக்கி அணைத்தேன். அணைத்த பிறகுதான் பின்னாலிருந்து வருகிறது, “அத அமத்துங்க தாத்தா, அது தப்பா இருக்கு.” பிந்திவிட்டீர்கள் பயல்களே. நான் முதலில். முதல் ஆள் நான்.

மங்களம் பாடி முடிக்கவும் வெளியே தண்டவாளத் துண்டில் மணி அடித்தான். நாற்பத்தாறு முகமும் சுளித்தன. “மணி சேரலை டீச்சர்” என்றான் செத்த குதிரை. எழுந்து ஓடவேண்டிய கூட்டம், இன்டர்வெல், ஓடவில்லை, இன்னும் நாலைந்து பேர் அதை விடாமல் ம்ம்ம் என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை போல. காந்திமதி கை கூப்பினாள். முடிந்ததும் கூட வாசித்தவர்கள் பேரைச் சொல்லுவது வழக்கம், கேட்க எட்டுப் பேர்தான் உட்கார்ந்திருந்தாலும் சொல்லுவாள். “வயலின், ஆவுடையப்பன் மாமா. மிருதங்கம், ஜேசுராஜ். தம்பூரா...” நின்றுவிட்டாள். ஜன்னலோரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேர் தெரியாது. சுடலைமுத்துவைப் பார்த்தேன். மனுஷன் வாயைத் திறக்காமல் ஸ்கேலைச் சட்டைப் பைக்குள் சொருகப் பார்க்கிறார், நுழையவில்லை. “ஏல, அந்தப் பிள்ளை பேரு என்ன” என்று முன்வரிசையைக் கேட்டேன். “தெரியாது தாத்தா.” அடுத்தவனை. “எங்களுக்குத் தெரியாது.” அஞ்சு வருஷமாவது கூடப் படித்திருப்பார்கள், ஒருத்தனுக்கும் தெரியாதாம். தலை போனாலும் சொல்லமாட்டார்கள். சந்தோஷமாக இருந்தது எனக்கு. “யாரும் அடிக்கமாட்டாங்க. நோட்டீஸ்ல பேரு போடணும், அடுத்த வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புக்கு வாசிக்க வாரோம், தம்பூரா இல்லாம எப்படி.” அடுத்த வெள்ளிக்கிழமை. யாரைக் கேட்டுச் சொன்னேன். காந்திமதி மறுக்கவில்லை.

ஜன்னலோரத்துப் பிள்ளை எழுந்து நின்றாள். பாவாடையைத் தட்டினாள். உதடு அசைந்தது. எனக்கு இடது பக்கம் நிற்கிறாள், கேட்கவில்லை. “என்ன?” திரும்ப அசைந்தது. இப்போது நான் ஆங் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், எட்டு மாசமாக எல்லாரிடமும் அப்படித்தான் போனேன். “எனக்கு இந்தக் காது சரியில்ல” என்றேன், சத்தமாகத்தான், அறை முழுக்க. “எட்டு மாசமா சரியில்ல. இந்தப் பக்கம் வந்து சொல்லு.” ஜேசுராஜ் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். காந்திமதி திரும்பிப் பார்க்கவேயில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். கடையநல்லூரிலிருந்து தெரியும், தெரிந்துதான் என்னைக் கூட்டி வந்திருக்கிறாள், பெட்டிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து. அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற தலைகளுக்கு நடுவில் காலை வைத்து வைத்து வந்தாள், “ஏட்டி மிதிக்காத” என்று திட்டு வாங்கிக்கொண்டு, என்னைச் சுற்றி வலது பக்கம் வந்து நின்று, இப்போது கொஞ்சம் வெட்கம், தாடை மைக்கறையைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து சொன்னாள். நல்லாக் கேட்டது. நானே சொல்லுகிறேன் என்று காந்திமதிக்குக் கையைக் காட்டிவிட்டு வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: “தம்பூரா, முப்பிடாதி.”